தரிசும் வேர்முடிச்சும்

மண்ணுக்கு வரலாறு உண்டா? நமது வரலாறெழுதியல் நிலத்தைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறது: வரி, உடைமை, குத்தகை, பட்டா. நிலத்துக்குள்ளே இருப்பதைப் பற்றி அநேகமாக வாயே திறந்ததில்லை. ஒரு கிராம் நல்ல மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. 'வளம்' என்று தரம் பிரித்து வரி போடப்பட்டதில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் உழைப்பும் அடக்கம். கல்வராயன் மலையில் நின்று பார்த்தால் இந்த மௌனத்தின் அரசியல் கொஞ்சம் துலங்கும்.

1886இல் ஜெர்மனியில் ஹெல்ரீகல், பயறுவகைச் செடிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகளின் துணையோடு எடுத்துக்கொள்கின்றன என்று அறிவித்தார். 1888இல் ஹாலந்தில் பெய்ஜெரிங்க் அந்த முடிச்சிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். செடியால் அதை நேராகத் தொட முடியாது. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் அதை அம்மோனியாவாக்கித் தருகிறது, செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அந்தச் சிவப்பு, நம் ரத்தச் சிவப்புக்கு உறவான ஒரு புரதம்.

அதே பத்தாண்டில் இங்கே என்ன நடந்தது? 1882இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. காடெரிப்பு விவசாயம் காலனிய வனத்துறையின் சொல்லாடலில் வெறும் அழிவாக மட்டுமே இடம்பெற்றது. காட்டைத் திருத்தி, சாமை, தினை, கேழ்வரகு விதைத்து, கூடவே துவரையும் மொச்சையும் கலந்து, சில வருஷம் கழித்து நிலத்தை அப்படியே விட்டுவிடுவது இம்மலைகளின் மலையாளிப் பழங்குடிகள் அறிந்த முறை. தீ சாம்பல்சத்தைத் தரும், தழைச்சத்தைக் காற்றில் விட்டுவிடும். அதை மீட்டுக்கொடுப்பவை பயறும், நிலம் சும்மா கிடக்கும் காலமும்தான். 'சும்மா' என்கிறோமே, அப்போதுதான் பாக்டீரியாக்களின் வேலை நடக்கிறது. வருவாய்த்துறைப் பதிவேடு அறிந்த ஒரே சொல்: 'தரிசு'.

உடனே 'பழங்குடி ஞானம்' என்று கொண்டாடக் கிளம்பிவிட வேண்டாம். 1976வரை இந்த மலை மூன்று ஜாகீர்தாரர்களின் பிடியில் இருந்தது. வரியும் வெட்டிவேலையும் இதே மண்ணிலிருந்துதான் கறக்கப்பட்டன. மண்ணைத் தேற்றியவர்கள் வேறு, விளைந்ததில் பங்கு எடுத்தவர்கள் வேறு. அரசு ஜாகீரை எடுத்துக்கொண்ட பிறகும் நிலவுரிமைச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2006இல் வன உரிமைச் சட்டம் தேவைப்பட்டதே அதற்குச் சாட்சி. நாளைக்கு நிலம் நம்மகிட்ட இருக்குமான்னே தெரியாதவன் அஞ்சு வருஷம் அதைச் சும்மா போடுவானா? போட்டால் யாரும் பயிரிடாத நிலம் என்று எழுதிவிடுவார்களே என்ற பயம் இருக்காதா?

ஆகவே கைக்காசு தரும் மரவள்ளி. சேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு இறங்குகிறது. கிழங்கு பிடுங்கச் சரிவைக் கிளற வேண்டும். அடுத்த மழையில் மேல்மண் ஓடையில் இறங்கிக் கோமுகி ஆற்றுக்குப் போகிறது. பாக்டீரியா நெருக்கமாக வாழ்வது அந்த மேல்மண்ணில்தான். இழப்பை ஈடுகட்ட யூரியா. தாராளமாகத் தழைச்சத்து கிடைத்துவிட்டால் பயறுச்செடி முடிச்சுப் போடுவதைக் குறைத்துக்கொள்ளும். ஓசியில் கிடைக்கும்போது அது எதற்குச் சர்க்கரையைச் செலவழிக்கப் போகிறது?

பிறகு பாக்டீரியா பாக்கெட்டில் திரும்பி வருகிறது. ரைசோபியம், அசோஸ்பைரில்லம், 200 கிராம். வடிகஞ்சியில் குழைத்து, விதையோடு கலந்து, நிழலில் உலர்த்தி விதைக்கச் சொல்கிறார்கள். அசோஸ்பைரில்லத்தின் முக்கியத்துவத்தை 1970களில் பிரேசிலில் நிறுவியவர் டோபரைனர் என்ற பெண் விஞ்ஞானி. பாக்கெட்டைப் பழிப்பது நம் நோக்கமில்லை. விலை குறைவு, பலனும் உண்டு. ஆனால் மட்கு இல்லாத, ஈரம் தங்காத மண்ணில் கொண்டுபோய்ப் போட்டால் அந்த உயிர்கள் எதைத் தின்று பிழைக்கும்?

இங்கே கேள்வி வேளாண் தொழில்நுட்பத்தைத் தாண்டிவிடுகிறது. மண் தேறுவதற்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தை மண்ணுக்குக் கொடுக்க, உழுகிறவருக்கு நிலத்தின்மீது உறுதி வேண்டும். 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டம் இம்மலையின் ஒரு பகுதிக்குப் புதிய தலைமையிடத்தைத் தந்திருக்கிறது. அங்கே பட்டாவுக்காகக் கொடுக்கப்படும் ஒவ்வொரு மனுவும் வேர்முடிச்சைப் பற்றியதும்தான் என்று நாம் வாசிக்கப் பழக வேண்டும்.