மருத்துவரின் முதுகு

யானைக்கவுனிக்கு வடக்கே ஸ்டான்லி மருத்துவமனை இருக்கின்றது. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரமே அதன் மூலம். 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பது மக்கள் இட்ட பெயர்.

உழைப்புக்கு வரம்பு கேட்ட குரலும் வட சென்னைக்குப் புதிதன்று. 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர், வாடியா தலைமையில் சென்னைத் தொழிற்சங்கம் கண்டனர். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. ஆலையில் கை நசுங்கிய தொழிலாளிக்கு இவ்வாறு வரம்பு கிடைத்தது. அக்கையைத் தைத்த இளம் மருத்துவரோ அச்சட்டத்திற்குப் புறம்பானார்.

காரணம் பழையது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1889-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹால்ஸ்டெட் என்னும் அறுவை வல்லுநர் தம் மாணவரை மருத்துவமனையிலேயே தங்கிப் பயிலச் செய்தார். 'ரெசிடெண்ட்' என்றாலே உறைபவர் என்றுதானே பொருள்? அங்கேயே உறைபவருக்கு வேலை முடியும் நேரம் ஏது!

நெடுநேரம் குனிந்து நின்றால் தசைகள் இறுகிக் குருதியோட்டம் குறையும். கழுத்தும் இடுப்பும் நோகும். ஓய்வின்றேல் நோவு நிலைத்துவிடும். மனக்கவலை அதனை மிகுவிக்கும். மருத்துவராகிவிட்ட என் பழைய மாணவர் சிலர் இந்நோவைச் சொல்லவே நாணுகின்றனர். நாணுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

நியூயார்க் மாநிலம் 1989-இல் வரம்பு விதித்தது. அதுவும் வாரத்திற்கு 80 மணி! நம் மைய அரசின் 1992-ஆம் ஆண்டு நெறிமுறை, தொடர்பணி பொதுவாக நாளுக்கு 12 மணியையும் வாரத்திற்கு 48 மணியையும் மீறலாகாது என்றது. ஆயினும் இரவெல்லாம் விழித்தவர் காலையில் மீண்டும் நோயாளிகளிடையே நிற்கும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் ஒழிந்தபாடில்லை.