திரும்பி வராத புண்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் 1984-ல் அல்சருக்குக் காரணம் ஒரு பாக்டீரியாதான் என்று காட்ட, அது கலந்த திரவத்தை மடமடவென்று குடித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அல்சர் பற்றி யார் எழுதினாலும் அந்தக் கோப்பையை விடமாட்டார்கள். சினிமாவில் வைத்தால் கைதட்டல் நிச்சயம். ஆனால் அவருக்கு வந்தது இரைப்பை அழற்சி மட்டும்தான்; புண் வரவில்லை. 'ஒரே ஒரு ஆள், அதுவும் கண்டுபிடித்தவரே' என்று பெரிய நிபுணர்கள் உதட்டைப் பிதுக்கியதை முழுக்கத் தப்பென்றும் சொல்லிவிட முடியாது.

அவர்கள் வாயை அடைத்தது வேறொரு சோதனை. அதில் நாடகமே கிடையாது. அதனாலோ என்னவோ, அதிகம் பேர் அதைச் சொல்வதில்லை.

அந்தக் காலத்து அல்சர் நோயாளியின் கஷ்டம் புண் ஆறாதது அல்ல. ஆறும், மறுபடி வரும். 1976-ல் பிரிட்டனில் டாகமெட் மாத்திரை வந்தபோது, வயிற்றைக் கிழித்து அறுவை செய்வதிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் தப்பினார்கள். அமிலச் சுரப்பை அது அடக்கியது. சில வாரங்களில் புண் மூடிக்கொண்டது. மாத்திரையை நிறுத்தினால்? ஒரே வருடத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். 'அப்படியானால் நிறுத்தாதீர்கள், ராத்திரி ஒன்று போட்டுக்கொண்டே இருங்கள்' என்றது மருத்துவ உலகம். மருந்துக் கம்பெனிக்குக் கசக்குமா? ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் விற்ற முதல் மருந்து என்ற பெயர் டாகமெட்டுக்குத்தான்.

மார்ஷலும், அந்தக் கிருமியை நுண்ணோக்கியில் முதலில் கவனித்த ராபின் வாரனும், பெர்த்தில் தங்கள் சகாக்களோடு அந்தத் 'திரும்பி வருதலை'த்தான் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். முன்சிறுகுடலில் புண்ணும் வயிற்றில் கிருமியும் இருந்த 100 பேர். பாதிப் பேருக்கு 8 வாரம் சிமெட்டிடின், அதாவது டாகமெட்டில் உள்ள அதே மருந்து. மற்றவர்களுக்குக் கிருமியைத் தாக்கக்கூடிய பிஸ்மத். இரண்டு பிரிவிலும் சிலருக்கு முதல் 10 நாள் டினிடசோல் என்ற கிருமிக்கொல்லி. மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பிறகு எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு ஒரு வருடம் காத்திருந்தார்கள். அவ்வப்போது எண்டோஸ்கோப்பிக் குழாயை இறக்கி, புண் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

சிமெட்டிடின் மட்டும் சாப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூடக் கிருமி ஒழியவில்லை. அதோடு டினிடசோல் சேர்த்தும் பெரிய பலனில்லை. 95 சதவீதம் பேரிடம் கிருமி அப்படியே இருந்தது. பிஸ்மத்தும் டினிடசோலும் சேர்ந்தபோதோ 70 சதவீதம் பேருக்கு ஒழிந்தது. இனி வருவதுதான் விஷயம். கிருமி தங்கிவிட்டவர்களில், ஆறிய புண் 84 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. கிருமி போனவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான்.

1988 டிசம்பரில் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. அதே ஆண்டுதான், அதே மாதத்தில்தான், சிமெட்டிடினுக்கு வழிவகுத்த ஜேம்ஸ் பிளாக் நோபல் பரிசு வாங்கினார். ஒரு சகாப்தத்துக்கு மாலை விழுந்த மாதமே அதற்கு முடிவுரையும் அச்சாகியிருக்கிறது!

ஆனாலும் 'பிஸ்மத்துக்கே ஏதோ தனிக் குணம் இருக்கலாமே' என்று ஒரு சந்து மிச்சமிருந்தது. 1993-ல் வியன்னா மருத்துவர்கள் அதையும் அடைத்தார்கள். பிஸ்மத்தைத் தொடவே இல்லை. அமிலத்தை அடக்கும் ரானிடிடினை எல்லோருக்கும் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் 12 நாள் சேர்த்தார்கள். ஒரு வருடத்தில் புண் திரும்பியது அந்தப் பிரிவில் 8 சதவீதம், மற்றதில் 86. அடுத்த ஆண்டே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, கிருமியுள்ள அல்சர் நோயாளிகளுக்கு ஆண்டிபயாட்டிக் கொடுத்தே தீர வேண்டும் என்றது. மார்ஷலுக்கும் வாரனுக்கும் நோபல் கிடைக்க 2005 ஆயிற்று.

இவர்களுக்கெல்லாம் முன்பே, 1958-லிருந்து, கவிஞர் பைரன் உயிர்விட்ட கிரேக்க ஊரான மிசலோங்கியில் ஒரு மருத்துவர் அல்சருக்கு ஆண்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெயர் ஜான் லிக்கூடிஸ். அதற்காக அவருக்குக் கிடைத்தது 4,000 டிராக்மா அபராதம். அந்த வழக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.