பின்னல் துணித் தமனி

சிதைந்த அல்லது வீங்கிய தமனிக்கு மாற்றாகப் பொருத்தப்படும், பாலியஸ்டர் நூலால் பின்னிய குழாய். நெசவுக் குழாயில் நூல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும்; இதிலோ நூல் கண்ணிகளாகக் கோத்து நிற்கும்.

தமனிச் சுவரின் மீள்தன்மையைத் தாமஸ் யங் 1808லும் சார்லஸ் ராய் 1880களின் தொடக்கத்திலும் ஆராய்ந்தனர். 1957இல் ரோச், பர்ட்டன் இருவரும் தமனிச் சுவரில் குறைந்த அழுத்தத்தில் எலாஸ்டின் இழைகளும், அழுத்தம் ஏறும்போது கொலாஜன் இழைகளும் சுமை தாங்குவதைக் காட்டினர். திருப்பூர்ப் பனியன் துணியும் இவ்வகையில் தமனியை ஒத்தது: முதலில் கண்ணிகள் விரிந்து எளிதில் நீளும், பிறகு நூலே இழுபட்டு விறைக்கும். தமனி இவ்வாறு விறைப்பதைக் காட்டும் வளைகோட்டுக்கு ஒய். சி. ஃபங் அடுக்குக்குறிச் சார்பு வடிவம் தந்தார். 2000இல் ஹோல்சாஃபெல், காசர், ஆக்டன் மூவரும் இரு திசைகளில் சாய்ந்தோடும் கொலாஜன் இழைகளையும் கணக்கில் சேர்த்தனர்.

துணிக்குழாயின் வரலாறு 1947இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்குவதாகக் கொள்வர். நாயின் இதயத்துக்குள் கிடந்த பட்டுத் தையல் நூலின் மேல் வழவழப்பான திசு படர்ந்திருப்பதை அறுவை மருத்துவர் ஆர்தர் வூர்ஹீஸ் கண்டார். பட்டுக் கைக்குட்டையில் குழாய் தைத்துச் சோதித்தவர், பின்னர் வின்யான்-என் என்னும் செயற்கை இழைத் துணிக்கு மாறினார்; 1952இல் முடிவுகளை வெளியிட்டார். ஹூஸ்டனில் அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி நைலான் வாங்கக் கடைக்குப் போக, அது தீர்ந்துவிட்டதால் டேக்ரான் என்னும் பாலியஸ்டர் துணியை வாங்கி வந்து, மனைவியின் தையல் இயந்திரத்தில் தாமே குழாய் தைத்தார் என்பது அவரே சொல்லிவந்த கதை. தையல் விளிம்பு இல்லாத குழாயைப் பின்னும் இயந்திரத்தைப் பிலடெல்ஃபியா ஜவுளிக் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் எட்மன் அமைத்துத் தந்தார். வளைக்கும்போது மடங்கி அடைபடாதிருக்கக் குழாய்க்குச் சுருக்கம் வைக்கும் முறையை எட்வர்ட்ஸ், டாப் இருவரும் நைலானில் கொண்டுவந்தனர். கண்ணிகளின் இடைவெளியில் குருதி கசியும் என்பதால், பொருத்துமுன் நோயாளியின் குருதியிலேயே குழாயை ஊறவைத்து உறையவிட்டார்கள். துணி அறிந்தவரும் உடல் அறிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்த வேலை இது.

சிங்கிள் ஜெர்சி என்று திருப்பூரில் அழைக்கப்படும் குறுக்குப் பின்னலில் செய்த குழாய்கள் காலப்போக்கில் விரிந்தன. அதனால் நெடுக்குப் பின்னல் இடம்பிடித்தது. ஜெலட்டின், கொலாஜன் பூசிய குழாய்கள் வந்தபின் ஊறவைக்கும் தேவை நீங்கியது.

தையல் இணைப்பருகே உட்சுவர் தடிப்பதற்குத் தமனியும் குழாயும் ஒரே அளவில் விரியாததே காரணம் என்பர் சிலர். குருதி ஓட்டத்தின் மாறுபாடும் தையற்காயமும் அதைவிட முக்கியம் என்பர் வேறு சிலர். பின்னல் குழாயின் நெகிழ்வும் நிலைப்பதில்லை. திசு ஊடுருவியதும் அது இறுகிவிடுகிறது.

இந்தியாவில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் பாலியஸ்டர் குருதிக்குழாய்களை உருவாக்க உழைத்துள்ளது. கோயம்புத்தூரில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில் மருத்துவத் துணிகளுக்கான சிறப்பு மையம் இயங்குகிறது.

பெருந்தமனிக்குத் துணிக்குழாய் நன்கு பயன்படுகிறது. 6 மி.மீ.க்கும் குறைந்த விட்டமுள்ள தமனிகளில் அது எளிதில் அடைபடுவதால், கால் தமனி மாற்றுவழிச் சிகிச்சையில் நோயாளியின் சொந்தச் சிரையே இன்றும் முதல் தேர்வு.