ஸ்டீன்ஸ் மலை

அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத் தென்கிழக்கில், ஹார்னி கவுண்டியில் உள்ள வறண்ட மேய்ச்சல் மலை. சுமார் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த எரிமலைப் பாறை அடுக்குகள், நிலப்பிளவை ஒட்டி ஒருபுறமாக உயர்ந்து உருவானது. உச்சி ஏறத்தாழ 2,970 மீட்டர். கிழக்கே ஆல்வர்ட் பாலைவனத்துக்குச் செங்குத்தாக இறங்குகிறது. மேற்குச் சரிவு நீண்டு தாழ்கிறது.

அடிவாரத்தில் மழை அற்பம். உச்சியில் கோடை வரை தங்கும் பனிதான் இங்கு நீரின் வைப்பு. மேற்கே அது பிளிட்சன் ஆறாகி வடக்கே மால்ஹூர் ஏரியில் சேர்கிறது. ஏரிக்குக் கடலை நோக்கிய போக்கு இல்லாததால், பனி மிகுந்த ஆண்டில் விரிந்து, குறைந்த ஆண்டில் சுருங்கும். கிழக்கு ஓடைகள் குறுகியவை, பாலைநிலத்தில் மறைந்துவிடும். பிளவின் ஓரத்தில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு.

இது வாடாடிகா பையூட் மக்களின் பூர்வீக நிலம். 1872-இல் அவர்களுக்கென அமைந்த ஒதுக்கீட்டுப் பகுதி, 1878-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கலைக்கப்பட்டது.

அதே 1872-இல் பீட்டர் ஃபிரெஞ்ச், கலிஃபோர்னியச் செல்வர் ஹியூ கிளென்னின் மாடுகளையும் மெக்சிக்க மாட்டிடையர்களையும் கூட்டிக்கொண்டு பிளிட்சன் பள்ளத்தாக்கை அடைந்தார். ஆற்றோரத்தைக் கைக்கொண்டால் மலை முழுவதும் மேயலாம் என்பது அவர் கணக்கு. நீர்க்கரையை ஒருவர் பிடித்துவிட்டால், சூழ்ந்திருக்கும் வறள்நிலத்தால் பிறருக்குப் பயனில்லை. சதுப்புநிலச் சட்டத்தின் வழியாகவும் விலைக்கும் நிலம் சேர்த்தார். கால்வாய் வெட்டி, ஆற்றைப் புல்வெளிகளில் பரவவிட்டு, குளிர்காலத்துக்கு வைக்கோல் அறுத்தார். சேர்த்த பரப்பு 1.4 லட்சம் ஏக்கர் என்பார் சிலர். 2 லட்சம் வரை சொல்வாரும் உண்டு. விற்பனை மாடுகள் நெவாடாவின் வினமக்கா ரயில் நிலையம் வரை ஓட்டிச் செல்லப்பட்டன. பனிக்காலத்தில் குதிரைகளைப் பழக்க அவர் கட்டுவித்த வட்டக் கொட்டகை இன்றும் நிற்கிறது. நடுவே ஜூனிபர் மரத் தூண்கள் கூரையைத் தாங்க, சுற்றிலும் குதிரைகள் ஓடும் பாதை.

ஏரி சுருங்கி வெளிப்பட்ட கரைநிலம் யாருடையது என்ற வழக்கு, ஃபிரெஞ்சின் பண்ணைக்கும் குடியேறிகளுக்கும் இடையே பகையை வளர்த்தது. 1897 டிசம்பர் 26 அன்று எட்வர்ட் ஆலிவர் என்ற குடியேறி ஃபிரெஞ்சைச் சுட்டுக் கொன்றார். வழித் தகராறே காரணம் என்பாரும், நிலப்பகையின் முடிவு என்பாரும் உளர். ஜூரி ஆலிவரை விடுவித்தது.

அடுத்து வந்த ஆட்டு மந்தைகள் மலைப்புல்லைக் கடுமையாக அழித்தன. 1908-இல் ஏரி பறவைச் சரணாலயமானது. ஆற்றுநீரை ஏரிக்கு உறுதிசெய்ய 1935-இல் பிளிட்சன் பள்ளத்தாக்கும் அதனுடன் சேர்க்கப்பட்டது. 1980-களில் ஏரி பெருகிச் சில பண்ணைகளை மூழ்கடித்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மலையில் சுமார் 1.7 லட்சம் ஏக்கரை வனாந்தரமாகக் காத்து, அதில் பாதிக்கு மேல் மேய்ச்சலை விலக்கியது. 2016-இல் ஆயுதமேந்திய குழுவினர் சரணாலய அலுவலகத்தை 41 நாள் பிடித்து வைத்திருந்தனர்.