சதுரங்கப் பலகையின் மெருகும் இந்திய அரக்கும்

சதுரங்கப் பலகைக்கு மேற்பூச்சைத் தேர்வது பிற மரப்பொருள்களுக்குத் தேர்வதினும் கடினமானது. வெளிர்நிறக் கட்டங்கள் 32, கருநிறக் கட்டங்கள் 32. இரண்டின்மீதும் ஒரே பூச்சு அமைதல் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் கருங்காலியின் கருமையை மிகுவிக்கும்; அருகிலுள்ள மேப்பிள் மரத்தையோ ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாக்கிவிடும். கட்டங்களின் வேறுபாடு மங்கினால் பலகையின் பயனே குன்றும்.

ஸ்டாண்டன் வடிவக் காய்கள் 1849ஆம் ஆண்டு இலண்டனில் விற்பனைக்கு வந்தபோது, அந்நகர மரவேலைக்காரரிடையே பிரெஞ்சு மெருகு வேரூன்றியிருந்தது. சாராயத்தில் கரைத்த அவலரக்கைப் பஞ்சு பொதிந்த துணியால் மெல்லிய படலங்களாகத் தேய்த்தேற்றும் முறை அது. பலாசு முதலிய மரங்களில் வாழும் பூச்சிகளின் சுரப்பான அரக்கு இந்தியாவிலிருந்து சென்றது. அதிலிருந்து செஞ்சாயமும் எடுக்கப்பட்டது. தமிழில் 'அரக்கு' என்பது நிறப்பெயராகவும் வழங்குவதை இங்கு நினைக்கலாம். 1856இல் தொடங்கிய செயற்கைச் சாயங்களின் வரவால் அச்சாயம் மதிப்பிழக்க, பிசினே வணிகப் பொருளாக எஞ்சியது.

சாயத்தைக் கழுவிய பின்னும் பிசினில் செம்மஞ்சள் சாயல் தங்கும். வெளிர்க் கட்டங்களுக்கு அதுவும் மிகையே. நிறம் நீக்கிய வெள்ளையரக்கே அவற்றிற்குப் பொருந்தும். எனினும், உப்புத்தாளால் தேய்க்கும்போது கருங்காலித் தூள் அயல்மரத்தின் நுண்துளைகளில் படிந்துவிட்டால் எம்மெருகும் அதனை மறைக்காது. தகட்டால் சுரண்டிச் சமன்செய்வதே தக்கது.

1920களில் பரவிய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு விரைந்து உலர்வதால் ஆலைகள் அதனை ஏற்றன. காலப்போக்கில் அதுவும் மஞ்சளிக்கும். அவலரக்கு சூட்டையும் மதுவையும் தாங்காது. ஈரக்கோப்பை வைத்தால் வெண்தடம் விழும். ஆயினும் புதுப்படலம் பழையதைச் சிறிதே கரைத்து அதனோடு ஒன்றிவிடுவதால், கீறலுற்ற பலகையை முழுதும் சுரண்டாமலே செப்பனிட இயலும்.