கந்தசாமி வாத்தியாரின் கதை வகுப்பு

1950. மலாயாவில் அவசரகாலம். ரப்பர் தோட்டங்களில் விடிவதற்கு முன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு, பிறகு பால்மரம், அது முடிந்து பால் நிறுவை. பொழுது சாய்ந்தபின் கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்து வாசலில் விளக்கை வைத்துக்கொண்டு ஒருவர் கதை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைப் படித்துப் பார்த்து, ‘இந்த இடம் இழுக்கிறது’ என்று சொல்ல அவருக்கு யார் இருந்தார்கள்? தமிழ்ப்பள்ளி வாத்தியார் சொல்லலாம். தோட்டத்துக் கணக்கரான கிராணிக்குத் தமிழில் ருசி இருந்தால் அவர் சொல்லலாம். அதோடு சரி.

கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் அந்தக் குறையில் கைவைத்தது. 1950இல் அது ஆரம்பித்த பகுதிக்குப் பெயர் ‘கதை வகுப்பு’. நடத்தியவர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும். புனைபெயரில் முன்னவர் ‘கந்தசாமி வாத்தியார்’ ஆனார், பின்னவர் ‘வானம்பாடி’. பாடம் பத்திரிகையில் வந்தது. மாணவர்கள் தபாலில் வந்தார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும் தன்னைப் போல் இன்னும் பலர் எங்கெங்கோ தோட்டங்களில், சிறு பட்டணங்களில் பேனாவோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பது தெரிந்தது.

கதை எழுதுவதை வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா? வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒரே வார்ப்பில் கதைகள் வந்துவிடும் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கந்தசாமி வாத்தியாரின் வகுப்பு வேறொன்றையும் பழக்கியது: எழுதியதை முடிப்பது, முடித்ததை உறையில் போட்டு ஒட்டுவது, பிறர் குறை சொல்ல அனுப்புவது. புதிதாக எழுத வருகிறவருக்கு மூன்றாவதுதான் கஷ்டம்.

அந்த வகுப்போடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்களில் மா. இராமையா, மா. செ. மாயதேவன் இருவரும் முக்கியமானவர்கள். 1953இல் ‘இரத்த தானம்’ என்ற சிறுகதைத் தொகுப்பை இருவரும் சேர்ந்தே வெளியிட்டார்கள். பின்னாளில் மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றுக்கே களஞ்சியம் எழுதியவர் இந்த இராமையாதான்.

1952இல் எழுத்தாளர் கு. அழகிரிசாமி தமிழ் நேசனுக்கு ஆசிரியராக வந்தார். இடைசெவலில் கி. ராஜநாராயணனோடு வளர்ந்தவர், கதை என்றால் என்ன என்பதில் தாட்சண்யம் பார்க்காதவர். 1957 வரை மலாயாவில் இருந்த காலத்தில் கோலாலம்பூரில் ‘இலக்கிய வட்டம்’ கூட்டி, உள்ளூர் எழுத்தாளர்களின் கதைகளைப் பேச வைத்தார். தபாலில் வரும் திருத்தத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடலாம். நாலு பேர் நடுவில் உட்கார்ந்து கேட்கும்போது அப்படி முடியாது, காது சிவக்கும். அடுத்த கூட்டத்துக்கு மறுபடி போகிறாரா என்பதில்தான் ஆள் தெரியும்.

எழுபதுகளில், முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்தபோது, தமிழ் நேசன் இன்னொரு வழி கண்டது: ‘பவுன் பரிசு’. தேர்ந்த சிறுகதைக்குத் தங்கப் பவுன். கந்தசாமி வாத்தியாரின் பாடமோ அழகிரிசாமியின் கண்டிப்போ எட்டாத இடத்துக்கும் இது எட்டியது. ‘ராத்திரியெல்லாம் கிறுக்கி என்னத்தைக் கண்டே?’ என்று கேட்கும் அம்மாவின் கையில், பதில் சொல்லாமல் ஒரு பவுனை வைக்க முடிந்ததே!