மேடைக்குப் பின்னால் குழைத்த நிறம்

ஆடைக் காட்சிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மேடையையே பார்க்கின்றனர். ஒப்பனை அறையில் நடந்தவை ஏட்டில் ஏறுவது அரிது. ஏறிய ஒன்றை இங்கு பதிவு செய்கிறேன்.

கறுப்பின அமெரிக்கருக்காக 1945 இல் ஜோன் எச். ஜோன்சன் சிகாகோவில் தொடங்கிய சஞ்சிகை 'எபொனி'. அதன் பெயரால் 1958 இல் 'எபொனி ஃபஷன் ஃபெயார்' என்னும் ஆடைக் காட்சி ஆரம்பமானது. அவரது துணைவியார் யூனிஸ் ஜோன்சன் அதனை நீண்டகாலம் நெறிப்படுத்தினார். பேருந்தில் நகர் நகராகச் சென்ற இக்காட்சி 2009 வரை நீடித்தது; அறப்பணிகளுக்கென 5 கோடி டொலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது.

மேடையில் பாரிஸ் ஆடைகள். பின்னாலோ, அவற்றை அணிந்து நடக்கவேண்டிய பெண்கள் தமது முகப்பூச்சைத் தாமே குழைத்துக்கொண்டிருந்தனர். கடையில் வாங்கிய பூச்சை அப்படியே தடவினால் கரிய முகத்தில் சாம்பல் படிந்ததுபோல் தெரியும். ஆகவே இரண்டு மூன்றைக் கலந்து, தத்தம் நிறம் வரும்வரை பார்ப்பார்கள். இதனைக் கவனித்த யூனிஸ், கணவருடன் பெரிய ஒப்பனைப் பொருள் நிறுவனங்களை அணுகினார். அவை அக்கறை காட்டவில்லை. 1973 இல் ஜோன்சன் நிறுவனமே 'ஃபஷன் ஃபெயார்' ஒப்பனைப் பொருட்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பேரங்காடிகளும் அவற்றுக்கு இடமளித்தன.

ஒரு முரணையும் சொல்லவேண்டும். தோலை வெளுக்கச் செய்யும் களிம்புகளின் விளம்பரங்கள் எபொனியிலும் வெளிவந்தன. விளம்பர வருவாயில் ஓடும் தொழிலில் தலை நரைத்த எனக்கு அது வியப்பளிக்கவில்லை. விட்டுவிட்டு எழுதவும் மனம் வரவில்லை.